வாரிசில்லாத கணக்கு

ராபர்ட் ரோலோ கில்லெஸ்பியை எனக்கு அறிமுகப்படுத்தியது சரித்திரமல்ல, ஹென்றி நியூபோல்ட்டின் ஒரு கவிதை. குதிரை பறக்கிறது, கோட்டை மீட்கப்படுகிறது. நியூபோல்ட்டுக்கு வேலூர் ஒரு வஞ்சக ஊர். அதற்குமேல் அந்த ஊரைப்பற்றி அவருக்கு அக்கறையில்லை. சந்தம் நன்றாக ஓடுகிற கவிதைகளை நான் சந்தேகிக்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

கில்லெஸ்பி 1766இல் அயர்லாந்தின் டவுன் பிரதேசத்தில், காம்பரில், நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1783இல் குதிரைப்படையில் சேர்ந்தார். துவந்த யுத்தமொன்றில் ஒருவரைக் கொன்றார். 1788இல் நீதிமன்றம் விடுவித்தது. பிறகு மேற்கிந்தியத் தீவுகள், அதன்பின் ஆர்க்காடு. அங்கே 19ஆம் இலகு குதிரைப்படை அவர் பொறுப்பில் இருந்தது.

1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாது, புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் உடனடிக் காரணம். கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பம் இன்னொரு காரணம். 14 அதிகாரிகளும் 69ஆம் படைப்பிரிவின் நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்களும் கொல்லப்பட்டார்கள். செய்தி எட்டியதும் 16 மைல் தூரத்தைக் கில்லெஸ்பி குதிரையில் கடந்தார். பீரங்கிகள் பின்னால் வந்துகொண்டிருந்தன. அவை வரும்வரை காத்திராமல், இடைவார்களைப் பிணைத்த கயிற்றைப் பற்றி மதில் ஏறினார். பீரங்கி வந்ததும் கதவு தகர்ந்தது. பிறகு நடந்தது யுத்தமல்ல. அரண்மனையில் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்று செத்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கானோர்.

கில்லெஸ்பியின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. அதே துணிச்சலோடு 1811இல் ஜாவாவில் போரிட்டார். 1814 அக்டோபர் 31 அன்று டேராடூனுக்கு அருகே கலுங்காக் கோட்டை முன் கூர்க்காக்களின் குண்டுபட்டு இறந்தார். லண்டன் புனித பவுல் தேவாலயத்தில் அவருக்குச் சிலை. காம்பரில் 1845இல் ஸ்தம்பம். டேராடூனில் ஆங்கிலேயர் இரட்டைத் தூண்கள் நட்டார்கள். ஒன்று கில்லெஸ்பிக்கும் அவரோடு மாண்டவர்களுக்கும். மற்றது எதிர்த்து நின்ற பலபத்ர குன்வருக்கும் அவருடைய கூர்க்காக்களுக்கும்.

எதிரியின் வீரத்துக்குக் கல் நடத் தெரிந்தவர்கள் வேலூர்ச் சிப்பாய்க்கு ஏன் நடவில்லை? கூர்க்கா எதிரி, சிப்பாய் சம்பளக்காரன். எதிரியைக் கௌரவிக்கலாம். சம்பளக்காரன் கை ஓங்கினால் அது துரோகம். துரோகத்துக்குச் சுவரோரம்தான் இடம்.

சரி, நாம் என்ன செய்தோம்? வேலூருக்கு முந்தைய வருஷம், 1805இல், எங்கள் சேலம் பக்கத்துச் சங்ககிரியில் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டார்கள். ஆடிப்பதினெட்டுக்கு இன்றும் அங்கே ஜனம் கூடுகிறது. அவர் பட்டக்காரர், சொந்தம் கொண்டாட வம்சம் உண்டு, ஊர் உண்டு. வேலூர்ச் சிப்பாய்கள் பல ஊர், பல ஜாதி, இரண்டு மதம். 2006இல், இருநூறாவது வருஷத்தில், அரசாங்கம் தபால்தலை வெளியிட்டது. அது அரசாங்கத்தின் ஞாபகம், ஜனங்களுடையது அல்ல.

நான் பேரேடு எழுதிப் பிழைப்பவன். கணக்குக்காரர் இறந்து வாரிசு வராவிட்டால், பணம் பேரேட்டில் அப்படியே கிடக்கும், கேட்க ஆளிராது. நம் சரித்திர ஞாபகமும் வாரிசுச் சான்றிதழ் கேட்கிறது. ஜாதியும் வம்சமும் வந்து கையெழுத்திடாத சாவை நாம் வரவு வைப்பதில்லை. கில்லெஸ்பிக்கு நியூபோல்ட் வாரிசானார். அந்தச் சுவரோரம் நின்ற நூறு பேருக்கும் ரத்த உறவில்லாத ஒருவன்தான் எழுத வேண்டும். நவீன கவிதை செய்யக்கூடிய காரியம் இது.