குன்றிமணியும் யானையும்

“இலக்கியம் சோறு போடுமா, ஐயா?” எஸ்.பி.எம். தேர்வில் பிள்ளையைத் தமிழ் இலக்கியப் பாடம் எடுக்கவைக்கத் தயங்கும் பெற்றோர் என்னிடம் கேட்பது இது. நியாயமான கேள்விதான், புதிய கேள்வியன்று. பாட்டையே தொழிலாகக் கொண்டிருந்த சங்கப் புலவர் பெருஞ்சித்திரனாரின் அடுப்பங்கரையிலும் இது எழுந்திருக்கத்தான் வேண்டும்.

உ.வே.சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றில் இவர் பாடியவை 10 உள்ளன. வள்ளல் குமணனிடம் இவர் வைத்த விண்ணப்பம் (160) வீட்டு நிலைமையை ஒளிக்கவில்லை. பசித்த மகன் வெறும் பானைகளைத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலியென்று மிரட்டுகிறாள், நிலாவைக் காட்டுகிறாள், ஒன்றும் பலிக்காமல், “அப்பாவிடம் எப்படிக் கோபித்துக்கொள்வாய், காட்டு” என்கிறாள்.

இத்தனை வறுமையிலும் மனிதரின் ரோஷம் குறையவில்லை. மனமின்றிக் கொடுத்தால் யானையும் வேண்டா, மகிழ்ந்து கொடுத்தால் குன்றிமணியளவும் போதும் என்று அதே குமணனிடம் நிபந்தனை விதிக்கிறார் (159). அதியமான் நேரில் பாராமல் கொடுத்தனுப்பிய பரிசிலையோ, தாம் வணிகர் அல்லர் என்று மறுத்துவிட்டார். இளவெளிமான் கொடுத்தது சிறிது. அதைக் கொள்ளாமல் எழுந்துபோய், குமணனிடம் யானை பெற்றுவந்து, அதை இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டி, ‘இது நான் உனக்குத் தரும் பரிசில்’ என்று பாடிவிட்டு நடந்தார். பானையின் வெறுமையை நன்கறிந்தவர், ஒரு முழு யானையைக் கோபத்துக்குச் செலவிட்டார்!

இளவெளிமான் தரப்பு நியாயம் நமக்குக் கிடைக்கவில்லை. ஒருவேளை அவனுக்கும் கையில் முடை இருந்திருக்கலாம். ஆனால் எழுதுகோல் எதிராளி கையில் இருந்தது. புலவருக்குக் குறைத்துக் கொடுத்தவன் என்றே அவன் பெயர் இன்றளவும் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 163-ஆம் பாடல். குமணனின் செல்வம் வீடு வந்துவிட்டது. உன்னை விரும்பியவர்க்கும், நீ விரும்பியவர்க்கும், உன் சுற்றத்தார்க்கும் கொடு, என்னைக் கேளாதே, நாம் நன்றாக வாழலாமென்று சேர்த்து வைக்காதே என்று மனைவியிடம் சொல்கிறார். அந்தப் பட்டியலில், குடும்பத்தின் பசி தீரக் கைம்மாற்றுக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். நாம் குமணனை மட்டும் புரவலன் என்று பாடம் நடத்துகிறோம். யானை வரும்வரை அந்த வீட்டில் உலை கொதித்தது அண்டை வீட்டாரின் அரிசியில். அதைக் கேட்டு வாங்கி வந்தவள் மனைவி.

எல்லோர்க்கும் கொடு என்றதற்கு அந்த அம்மையார் என்ன மறுமொழி சொன்னார் என்பது மட்டும் புறநானூற்றில் இல்லை.