மணக்கடவு கற்பிக்கும் பாடம்

ஒரு பெரும்பணியைப் பல குழுவினர் கூடித் திட்டமிடுங்கால், ஒரு குழு மற்றதைப் பற்றி அறிய வேண்டுவன யாவை? எல்லாவற்றையும் அறிய வேண்டுமா? இவ்வினாவுக்கு நம் கொங்கு நாட்டு வரலாறே விடை தருகிறது.

ஆனைமலைத் தொடரிலிருந்து மேற்கே பாயும் ஆறுகளின் நீரை, மழை குன்றிய பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதிகளுக்குத் திருப்புவது பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம். பரம்பிக்குளம் அணை நிற்பது கேரள மண்ணில். அதனைப் பேணுவதோ தமிழகம். மேலே நீரைத் திருப்பினால் கீழே சித்தூர் உழவரின் வயல் என்னாகும் என்னும் அச்சம் எழுவது இயல்பே.

இரு மாநிலங்களும் 1970 மே 29 அன்று ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அது 1958 நவம்பர் 9 முதற்கொண்டே செல்லும் எனவும் கொண்டன. அதன்படி, ஆண்டுதோறும் ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 முடிய, மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு 725 கோடி கன அடி நீர் கிடைத்தல் வேண்டும். இடம், காலம், அளவு ஆகிய மூன்றும் ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட்டன. தமிழகம் தன் வாய்க்கால்களை எம்முறையில் திறக்கிறது என்பதைச் சித்தூர் உழவர் அறிய வேண்டுவதில்லை. மணக்கடவில் வந்து சேரும் நீரின் அளவே அவருக்கு வேண்டிய செய்தி. இதனால் பிணக்குகள் அறவே ஒழிந்தன என்று கூறேன். எனினும், பிணங்குவோர் இருவரும் சுட்டிப் பேச ஒரு பொது அளவு உண்டாயிற்று.

கணிப்பொறிக்கு மென்பொருள் ஆக்குவோர்க்கும் இதுவே நெறி. ஒவ்வொரு பகுதியும் தன் உள்ளமைப்பைத் தன்னுள் மறைத்துக்கொண்டு, பிற பகுதிகளுக்கு வேண்டியதை மட்டும் தெளிவுறக் காட்டுதல் நன்று என 1972-இல் டேவிட் பார்னஸ் என்னும் அறிஞர் விளக்கினார். அந்தத் தெளிவு தவறினால் நேர்வது யாது? செவ்வாய்க் கோளை ஆராய அமெரிக்கா அனுப்பிய விண்கலம் ஒன்று 1999 செப்டம்பரில் அழிந்தது. ஒரு குழுவின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவையில் தந்தது. மறு குழுவினர் அதனை நியூட்டன் அளவை எனக் கொண்டனர். இரு சாராரும் கணக்கறியாதவர் அல்லர். ஓர் அலகை ஒத்துப் பார்க்கத் தவறினர், அவ்வளவே.

ஆதலின், இளைஞர்களே, நீங்கள் பலராய்க் கூடிச் செயலில் இறங்குமுன் ஒரு தாளை எடுங்கள். யார் யாருக்கு எதனைத் தருவது, எங்கே, எப்பொழுது, எந்த அளவையில் என்று எழுதி, அனைவரும் ஒப்புங்கள். அந்தத் தாளே உங்கள் மணக்கடவு.