அரிசியும் முயலும்: சீன இணையவெளியில் ஒரு விலங்கு எமோஜியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

விலங்கு எமோஜிகளின் பொருள் அவ்விலங்கின் இயல்பிலிருந்தே பிறக்கிறது என்பது பொதுவான எண்ணம். 2018ஆம் ஆண்டில் சீனாவில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக எழுந்த இயக்கத்தின் அடையாளமாக விளங்கிய முயல் எமோஜி அவ்வெண்ணத்திற்கு அடங்குவதில்லை. அதன் பொருள் உருவத்தில் இல்லை. பெயரின் ஒலியில் உள்ளது. கிழக்காசியாவில் விலங்குருவை ஒலிக்காக ஆளும் நெடிய மரபில் வைத்து அம்முயலை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எமோஜி, ஒப்பொலிச்சொல், சிலேடை, மீ டூ இயக்கம், சீனா, தணிக்கை

முன்னுரை

எமோஜி என்ற சொல்லை எமோஷன் என்னும் ஆங்கிலச் சொல்லோடு இணைத்து உணர்வுக்குறி என்று பெயர்த்து வழங்குவோர் உளர். அது சொற்பிறப்புக்குப் பொருந்தாது. ஜப்பானிய மொழியில் ‘எ’ என்பது படம். ‘மோஜி’ என்பது எழுத்து. ஆகவே படவெழுத்து என்பதே நேர்பொருள். 1999இல் ஜப்பானின் டோகோமோ நிறுவனத்திற்காக ஷிகேதகா குரிதா வடிவமைத்த 176 சிறு படங்கள் இவ்வகையில் புகழ்பெற்ற தொடக்ககாலத் தொகுதி. 2010 அக்டோபரில் வெளியான யூனிகோடு 6.0 பதிப்பு நூற்றுக்கணக்கான எமோஜிகளுக்கு உலகப் பொதுக் குறியெண்களை வழங்கியது. கிழக்காசிய ஆண்டுச் சுழற்சியின் பன்னிரு விலங்குகளும் அவற்றுள் அடங்கும். முயலும் அவற்றுள் ஒன்று.

படம் என்பதால் எமோஜி மொழி கடந்தது என்று அடிக்கடி கூறப்படுகிறது. பாம்பு எமோஜி வஞ்சகரைக் குறிக்கும்போது இக்கூற்று ஓரளவு பொருந்துகிறது. அங்கே விலங்கைப் பற்றிய பழைய எண்ணமே பொருளாகிறது. ஆனால் ஆட்டின் எமோஜி ஒரு விளையாட்டு வீரரின் பெயருக்குப் பக்கத்தில் இடப்படும்போது நிலை மாறுகிறது. ‘எக்காலத்துக்கும் மிகச் சிறந்தவர்’ என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் கூடி ‘கோட்’ என்றாகின்றன. அதுவே ஆட்டுக்குரிய ஆங்கிலச் சொல். 2024இல் விஜய் நடித்து வெளியான திரைப்படத்தின் பெயரால் இவ்வழக்கு தமிழ் இளைஞரிடையேயும் நன்கு பரவியது. ஆட்டிடம் எந்தச் சிறப்பையும் கண்டு எழுந்த பொருளன்று இது. ஆங்கிலம் அறியாதவருக்கு அவ்விடத்தில் வெறும் ஆடுதான் தெரியும்.

ஒலிக்காக நின்ற விலங்குகள்

ஒரு பொருளின் படத்தை வரைந்து, அதன் பெயரை ஒத்த ஒலியுடைய வேறொரு சொல்லைச் சுட்டுவது எழுத்தின் வரலாற்றில் தொன்மையான உத்தி. சிந்துவெளி முத்திரைகளின் மீன் குறி விண்மீனைச் சுட்டுவதாக ஹென்றி ஹெராஸ் முன்வைத்து, அஸ்கோ பார்ப்போலா விரித்துரைத்த கருதுகோள் இவ்வுத்தியை அடிப்படையாகக் கொண்டதே. அவ்வெழுத்து இன்னும் படிக்கப்படாததால் அது கருதுகோளாகவே நிற்கிறது. சீன எழுத்திலோ ஐயத்திற்கு இடமில்லை. ‘வான்’ என ஒலிக்கும், பத்தாயிரத்தைக் குறிக்கும் எழுத்து, ஷாங் காலத்து எலும்புப் பொறிப்புகளில் தேளின் உருவம். தேளின் பெயரும் அவ்வெண்ணின் பெயரும் ஒலியால் நெருங்கியிருந்தமையால் தேள் எண்ணாயிற்று. கி.பி. 100 அளவில் எழுத்தகராதி செய்த ஷூ ஷென் வகுத்த ஆறு எழுத்து வகைகளுள் இத்தகைய ஒலிக்கடன் தனி வகையாகவே இடம்பெறுகிறது.

எழுத்தில் மட்டுமன்றி வீட்டுச் சுவரிலும் துணியிலும் பீங்கானிலும் இம்மரபு வாழ்ந்தது. வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ‘ஃபூ’ என்ற ஒரே ஒலி; எனவே ஐந்து வௌவால்கள் ஐவகைப் பேறுகள் ஆயின. மீனும் மிகுதியும் ‘யூ’. ஆதலால் புத்தாண்டுப் படங்களில் குழந்தைகள் பெரிய மீனைத் தழுவி நிற்கின்றனர். சிலேடையைச் செய்யுளில் கேட்டுப் பழகிய தமிழ் வாசகர்க்கு ஒரு வேறுபாடு இங்கே புலனாகும். காளமேகத்தின் சிலேடையில் இரு பொருளையும் சொற்றொடரே தாங்குகிறது. இங்கே சொல் எழுதப்படவே இல்லை. பார்ப்பவர்தாம் படத்தைத் தம் வாயால் பெயரிட்டு அழைக்க வேண்டும்.

அந்தப் பெயர் மறைந்தால் என்ன நேரும் என்பதற்கு மூன்று குரங்குகளே சான்று. நிக்கோவின் தோஷோகு கோயில் குதிரைலாயத்தில் செதுக்கப்பட்ட 17ஆம் நூற்றாண்டுக் குரங்குகள் பாராமை, கேளாமை, பேசாமை ஆகியவற்றைக் குறிப்பவை. ஜப்பானிய மொழியில் குரங்கு ‘ஸரு’. எதிர்மறை விகுதியின் பழைய வடிவம் ‘ஜரு’. குரங்கு அங்கே வந்தமைக்கு இவ்வொலியொப்புமை முதன்மையான காரணமாகக் கூறப்படுகிறது. இந்தியாவில் காந்தியடிகளின் பெயரோடு அவை அறிவுரையாயின. எமோஜியாகிக் கண்ணை மூடிக்கொண்ட குரங்கு இன்று வெட்கத்தைத் தெரிவிக்கிறது. சிலேடை உதிர்ந்துவிட்டது, குரங்கு மட்டும் எஞ்சியது.

2018: சோற்றுக் கிண்ணமும் முயலும்

சீன இணையவெளி இப்பழைய உத்தியைத் தணிக்கைக்கு எதிராக ஆளத் தொடங்கியது புதிதன்று. ‘இணக்கமான சமூகம்’ என்ற அரசு முழக்கத்தை எள்ளும் வகையில், நீக்கப்பட்ட பதிவுகள் ‘இணக்கமாக்கப்பட்டன’ எனப்பட்டன. அச்சொல்லும் கண்காணிப்புக்கு உள்ளானபோது, ஏறத்தாழ அதே ஒலியுடைய ‘ஆற்று நண்டு’ அவ்விடத்தைப் பிடித்தது. வசைச்சொல் ஒன்றின் ஒலியைத் தாங்கிய ‘புல் சேற்றுக் குதிரை’ 2009இல் பரவியது. இவை பெரும்பாலும் எள்ளல்கள்.

2018இல் நிலைமை வேறு. அவ்வாண்டு ஜனவரி முதல் நாள், பெய்ஹாங் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தம் முன்னாள் ஆய்வு வழிகாட்டியால் நேர்ந்த துன்புறுத்தலைப் பெயர் மறைக்காமல் வெய்போ தளத்தில் எழுதினார். அம்மாத நடுப்பகுதிக்குள் அப்பேராசிரியர் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். கல்வி அமைச்சகம் அவருக்கு அளித்திருந்த மதிப்புறு நிலையைத் திரும்பப் பெற்றது. பல பல்கலைக்கழகங்களின் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் துன்புறுத்தலைத் தடுக்கும் விதிமுறைகள் கோரித் திறந்த மடல்கள் எழுதினர். அவற்றுள் பல நீக்கப்பட்டன. மார்ச் மாதம், மகளிர் நாளை ஒட்டி, ‘பெண்ணியக் குரல்’ என்ற முதன்மையான கணக்கு வெய்போவில் மூடப்பட்டது. ‘மீ டூ’ என்ற ஆங்கிலத் தொடரைத் தாங்கிய கொத்துக்குறிகளும் முடக்கப்பட்டன.

அந்நிலையில் பரவியதே முயல். சீனத்தில் ‘மி’ என்பது அரிசி. ‘டூ’ என்பது முயல். சேர்த்துச் சொன்னால் மீ டூ. எழுத்தில் ‘அரிசி முயல்’ என்றும் படத்தில் சோற்றுக் கிண்ணத்தை அடுத்த முயல்முகம் என்றும் அது எழுதப்பட்டது.

இங்கே நுணுக்கம் ஒன்று உண்டு. யூனிகோடு அக்கிண்ணத்திற்கு இட்ட பெயர் சமைத்த அரிசி என்பது. தமிழைப் போலவே சீனமும் அரிசியையும் சோற்றையும் தனிச்சொற்களால் வேறுபடுத்துகிறது. சோறு ‘ஃபான்’ எனப்படும். படத்தைக் கண்டவாறே ‘ஃபான் டூ’ என்று படித்தால் இயக்கம் காணாமற்போகும். கிண்ணத்தில் இருப்பது சோறு என அறிந்தும் வாசகர் அரிசியின் பெயரையே சொல்லியாக வேண்டும். எனவே இக்குறியைப் படித்தல் என்பதே முன்னரே செய்தியறிந்தோரின் செயல். சொற்பட்டியலை வைத்துத் தேடும் கணினி வடிகட்டி முதலில் இதில் தடுமாறுவதும் இதனாலேயே. சோறும் முயலும் தனித்தனியே குற்றமற்றவை. இரண்டையும் தடுத்தால் சமையற்குறிப்புகளும் செல்லப்பிராணிப் படங்களும் சேர்ந்தே மறையும். போதாக்குறைக்கு, ஷவோமி நிறுவனத்தின் முயற்பொம்மைக்கும் இதே பெயர் ஏற்கெனவே இருந்தது.

இவ்வுத்தியைத் தணிக்கையை வென்ற தந்திரமாகக் கொண்டாடும் போக்கு மிகையானது. அரிசி முயல் என்ற தொடரும் விரைவில் கண்காணிப்பாளர் அறிந்த சொல்லாயிற்று. அதனைத் தாங்கிய பதிவுகளும் நீக்கப்பட்டன. 2018 ஏப்ரலில், 1998ஆம் ஆண்டு நிகழ்வொன்றைப் பற்றிப் பீக்கிங் பல்கலைக்கழகத்திடம் தகவல் கேட்ட மாணவி ஒருவர், தமக்கு நேர்ந்த நெருக்குதலை விவரித்து எழுதிய மடல் பிற தளங்களிலிருந்து அகற்றப்பட்டபோது, அதனைக் காத்தது சிலேடையன்று. எத்தீரியம் தொடரேட்டின் பரிவர்த்தனை ஒன்றில் அது பதிக்கப்பட்டது. முயல் தந்தவை சில நாள் அவகாசமும், அறிந்தோர் ஒருவரையொருவர் இனங்காணும் வாய்ப்புமே. ஆனால் தனித்தனி அறைகளில் தம் அனுபவத்தைத் தாமே ஐயுற்றுக் கிடந்த மாணவியருக்கு அவ்வினங்காணல் சிறிய பொருளன்று. ‘நானும்’ என்று சொல்ல அவர்களுக்கு வேறு சொல் எஞ்சியிருக்கவில்லை.

பெண் செய்தியாளர்கள் எதிர்கொண்ட துன்புறுத்தல் குறித்து 2018இல் ஆய்வறிக்கை வெளியிட்ட குவாங்சௌ இதழியலாளர் ஹுவாங் ஷுவேச்சின், 2021 செப்டம்பரில் தடுத்துவைக்கப்பட்டார். அரசதிகாரத்தைக் கவிழ்க்கத் தூண்டியதாக 2024 ஜூன் 14இல் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இன்னொரு முயல்

அதே இணையவெளியில் வேறொரு முயலும் உலவுகிறது. 2011இல் தொடங்கிப் பின்னர் அசைபடமாகவும் வளர்ந்த, நாட்டுப்பற்றுமிக்க சித்திரக்கதைத் தொடர் ஒன்றில் சீன மக்கள் குடியரசு வெள்ளை முயலாகவும் அமெரிக்கா கழுகாகவும் வரையப்பட்டன. அக்கதையின் வாசகர்க்கு முயல் என்றால் தாய்நாடு. அரசை வாழ்த்துவோரும், அரசு நீக்கிய பதிவை மீண்டும் எழுதுவோரும் ஒரே முயல்முக எமோஜியை இட முடிந்தது. குறியெண் இரண்டுக்கும் ஒன்றே. முன்னால் ஒரு சோற்றுக் கிண்ணம் இருக்கிறதா என்பதை வைத்தே வாசகர் பிரித்தறிந்தனர். 2023 ஜனவரி 22இல் முயல் ஆண்டு பிறந்தபோது வாழ்த்துச் செய்திகளை நிறைத்த முயல்களுக்கு முன்னால் பெரும்பாலும் செந்நிறக் காகிதவிளக்குகளும் வாணவேடிக்கைகளுமே இருந்தன.