கோலமும் தானியங்கியும்: தாம்பரத்தில் உருவான பட மொழி ஆய்வுகள்

கோலம் தமிழாய்வில் பெரும்பாலும் நாட்டுப்புறக் கலையாகவும் சடங்குக் கூறாகவுமே வைத்து எண்ணப்பட்டு வந்துள்ளது. கணினியியலின் கோட்பாட்டு இதழ்களிலோ 1970களின் தொடக்கத்திலிருந்து அச்சொல் ஓர் இலக்கண வகையின் பெயராக வழங்கி வருகிறது. இவ்விரு வழக்குகளும் ஒன்றையொன்று அறியாமலே நடந்து வந்தன என்றால் மிகையன்று. கல்வெட்டெழுத்து ஆய்விலும் சிந்துவெளி எழுத்தாய்விலும் தமிழறிஞர்கள் நன்கறிந்த கிப்ட் சிரோமணியின் பெயரே இவ்விரண்டாம் வழக்கின் தொடக்கத்திலும் நிற்கிறது என்பதால், இவ்வறியாமை சற்று வியப்பளிப்பது.

தானியங்கிக் கோட்பாட்டின் தோற்றம்

தானியங்கிக் கோட்பாடு மொழியாய்வில் பிறந்ததன்று. வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் இருவரும் நரம்பணுக்களின் இயக்கத்தைத் தருக்கக் குறியீடுகளால் விளக்க முற்பட்ட 1943ஆம் ஆண்டுக் கட்டுரையே அதன் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அத்தகைய வலையமைப்புகள் எவ்வகைக் குறித்தொடர்களை இனங்காண வல்லவை என்னும் வினாவை ஸ்டீபன் கிளீனி 1951இல் ஆராய்ந்தார். அவ்வாய்வு 1956இல் நூலொன்றில் இடம்பெற்றது. அதே 1956இல் நோம் சாம்ஸ்கி, எல்லைக்குட்பட்ட நிலைகளை மட்டுமே கொண்ட எந்திரத்தால் ஆங்கிலத் தொடரமைப்பை விளக்க இயலாது என்று வாதிட்டார். மைக்கேல் ரேபின், டானா ஸ்காட் ஆகியோரின் 1959ஆம் ஆண்டுக் கட்டுரை கோட்பாட்டை இன்றைய வடிவில் நிறுத்தியது. அதற்காக அவர்கள் 1976இல் டூரிங் விருது பெற்றனர்.

இவ்வாய்வுகளில் 'மொழி' என்பது எழுத்துகள் ஒரே வரிசையில் நிற்கும் தொடர்களின் தொகுதி. முடிவுறு தானியங்கி அத்தொடரை இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும். தான் எந்நிலையில் நிற்கிறது என்பதொன்றே அதற்குரிய நினைவு. அந்நினைவு போதாத இடத்தில் அடுக்கு ஒன்றைத் துணைக்கொள்ளும் தானியங்கி வேண்டப்படும். எழுதப்பட்டது ஒரு கோடாக இல்லாமல் ஒரு பரப்பாக இருந்தால் என் செய்வது என்ற வினா 1960களில் எழுந்தது. இந்தியாவில் இதனை முன்னெடுத்தவர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர். நரசிம்மன். அணுத்துகள்கள் குமிழிக் கலத்தில் விட்டுச்செல்லும் தடங்களின் படங்களைக் கணினி 'படிக்க' வேண்டுமாயின், படத்துக்கும் தொடரியல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

தாம்பரத்தில்

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணி புள்ளியியல் பேராசிரியர். அவர் துணைவியார் ராணி சிரோமணி கணிதப் பேராசிரியர். கமலா கிருதிவாசனுடன் இணைந்து இவர்கள் எழுதிய முதற்கட்டுரை 1972இல் வெளிவந்தது. அதில் அமைந்த அணி இலக்கணம் இரு கட்டங்களில் இயங்குவது. முதற்கட்டத்தில் கிடைவரிசை ஒன்று பிறக்கும். அடுத்த கட்டத்தில் அவ்வரிசையின் ஒவ்வோர் உறுப்பும் ஒருங்கே கீழ்நோக்கி வளர்ந்து ஒருங்கே நிற்கும். எளிமையும் குறையும் இவ்வமைப்பில் ஒருசேர உள்ளன. அகலமும் உயரமும் தனித்தனியே வளர்வதால், இரண்டுக்கும் உரிய விகிதத்தை அது காக்க இயலாது. சதுரம் வேண்டும் என்று அதனிடம் கேட்க முடியாது. கோலத்திலோ விகிதமே உயிர். வரிசைகளையும் நிரல்களையும் மாறிமாறிச் சேர்த்து வளரும் இலக்கணத்தை 1973ஆம் ஆண்டுக் கட்டுரை அமைத்து அக்குறையை நீக்கியது. கோலத்தைத் தலைப்பிலேயே தாங்கிய கட்டுரை 1974இல் வந்தது. 'கோலம் வரிசையணி இலக்கணம்' என்னும் பெயர் அத்துறையில் நிலைத்தது இவ்வாறே.

இவர்கள் கோலத்தை வெறும் எடுத்துக்காட்டாகக் கொண்டனர் என்று கருதுவது பொருந்தாது. கோலத்திற்கு அதை இடுவோரிடமே ஓர் இலக்கணக் குறிப்பு வழங்கி வருகிறது. '7 புள்ளி, 4இல் நிறுத்துக, இடைப்புள்ளி' என்று மாத இதழ்களின் கோலப் பக்கங்கள் அச்சிடுவது அதுவே. இதனை விரித்தால் 4, 5, 6, 7, 6, 5, 4 எனும் ஏழு வரிசைகளில் 37 புள்ளிகள் பெறப்படும். '15 புள்ளி, 8இல் நிறுத்துக' எனில் 169. அளவு மாறினும் விதி மாறுவதில்லை. முடிவற்ற கோலங்களைச் சில சொற்களில் அடக்கும் இக்குறிப்பு, ஆக்கமுறை இலக்கணம் எதைச் செய்ய விரும்புகிறதோ அதையே செய்கிறது.

தரையும் நினைவும்

இக்குறிப்பின் உள்ளே கோட்பாட்டின் மையச் சிக்கல் ஒன்று உள்ளது. வரிசை விரியும் ஒவ்வொரு படிக்கும் 'வி' எனவும், சுருங்கும் ஒவ்வொரு படிக்கும் 'சு' எனவும் குறித்தால், மேற்கண்ட 37 புள்ளிக் கோலம் 'விவிவிசுசுசு' என்றாகும். விரிவும் சுருக்கமும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடில் கோலம் கோணும். கோலத்தின் அளவுக்கு வரம்பில்லை எனக் கொண்டால், இவ்வொப்பை முடிவுறு தானியங்கி சரிபார்க்க இயலாது என்பது அத்துறையின் அடிப்படைத் தேற்றங்களுள் ஒன்று. எத்தனை 'வி' கடந்தோம் என்பதை நினைவில் வைக்க அதற்கு இடமில்லை. அடுக்குத் தானியங்கியே வேண்டும்.

அதே முடிவுறு தானியங்கியைத் தொடரிலிருந்து இறக்கித் தரையில் நடக்க விட்டால் நிலை மாறுகிறது. மேல், கீழ், இடம், வலம் என நான்கு திசைகளிலும் நகரும் தானியங்கியை மானுவல் பிளம், கார்ல் ஹியூவிட் இருவரும் 1967இல் ஆராய்ந்தனர். அத்தகைய தானியங்கி மேல்வரிசையின் முதற்புள்ளியிலிருந்து நேர்க்கீழாக இறங்கினால் போதும். கீழ்வரிசையின் முதற்புள்ளியில் சென்று முட்டினால் விரிவும் சுருக்கமும் ஒத்தவை, இல்லையேல் ஒவ்வாதவை. எதையும் எண்ண வேண்டியதில்லை. தொடரில் அடுக்கு சுமந்த நினைவை இங்குப் பரப்பே சுமக்கிறது. புள்ளி வைத்த பின்னரே கம்பி இழுக்கும் வழக்கத்தை அழகியல் நோக்கில் மட்டும் விளக்குவோர் இதனைக் கருத வேண்டும். இடுபவர் மனத்தில் வைக்க வேண்டியதன் பெரும்பகுதியைப் புள்ளிகள் முன்னரே தரையில் வைத்துவிடுகின்றன.

எனினும் 1970களின் வரிசையணி இலக்கணங்கள் முடிந்த கோலத்தையே பிறப்பித்தன. கை சென்ற வழியை அவை கூறவில்லை. கம்பிக் கோலத்தில் வழியே முதன்மை. செவ்வக வடிவில் நேர்ப்புள்ளி வைத்துப் புள்ளிகளுக்கிடையே மூலைவாட்டில் இழுத்து விளிம்பில் மட்டும் திருப்பும் எளிய கோலத்தில், 3க்கு 4 புள்ளி எனில் ஒரே கம்பி முழுவதையும் சுற்றி வரும். 4க்கு 4 எனில் நான்கு தனிக்கம்பிகள் தோன்றும். இரு பக்கங்களின் மீப்பெரு பொது வகுத்தியே கம்பிகளின் எண்ணிக்கை. முடிந்த படத்தை ஓரமாக நின்று காண்பவருக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படாது. இழுப்பவரின் கைக்கு உடனே தெரியும்.

பிற்காலத்தில் சிரோமணி இணையர் இத்திசையிலேயே திரும்பினர். கம்பி புள்ளியைச் சுற்றித் திரும்பும் அசைவுகளைக் குறியீடுகளாக்கி, கோலத்தை மீண்டும் ஒரு தொடராக, ஆனால் இம்முறை தொடக்கமும் முடிவும் இணைந்த சுழல்தொடராக அவர்கள் எழுதிப் பார்த்தனர். கிப்ட் சிரோமணி 1988இல் மறைந்தார். மறு ஆண்டு நரசிம்மன் பதிப்பித்த நினைவுத் தொகுதியில் கம்பிக் கோலத்தையும் சுழல் இலக்கணத்தையும் பற்றிய அவரது கூட்டுக் கட்டுரை இடம்பெற்றது. சுழல்தொடருக்கு முதலெழுத்து இல்லை. கம்பியை எப்புள்ளியில் தொடங்கினாலும் இலக்கணத்துக்கு அது ஒன்றே. இடுபவருக்கும் அப்படித்தானா என்பதைப் படங்களை மட்டும் சேகரித்த தொகுப்புகளைக் கொண்டு விடையிறுக்க முடியாது.