தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் நிலம்: பெரம்பலூர், அரியலூர்

பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் மனிதனை ஏவுகிறது. அவ்வசனங்களை ஒருசேர வைத்து நோக்கினால், பயணத்தின் நோக்கங்கள் இரண்டு எனப் புலப்படும். ஆலு இம்ரான், அர்ரூம் முதலிய அத்தியாயங்கள் முன்சென்ற சமுதாயங்களின் முடிவைக் காணச் சொல்கின்றன. அல்அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆம் வசனமோ படைப்பின் தொடக்கத்தைக் காணச் சொல்கிறது. முடிவு என்றதும் ஆது கூட்டத்தாரின் பாலை நிலமும் ஸமூது கூட்டத்தாரின் மலைக் குடைவுகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இரண்டு நோக்கங்களும் நிறைவேறும் நிலம் தமிழகத்தின் நடுவிலேயே இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களே அந்நிலம்.

பெரம்பலூரின் மேற்கே பச்சைமலை உயர்ந்து நிற்கிறது. அங்கிருந்து கிழக்கு நோக்கி இறங்கி வந்தால் காரை என்னும் ஊரை அடுத்து, பாலைவனமோ என ஐயுறச் செய்யும் செம்மண் வெளி ஒன்று காணப்படும். மழைநீர் அரித்த ஓடைகளும் முகடுகளுமாகப் புல் பூண்டு அருகிய நிலம் அது. ஆயின் அந்தக் களிமண் கடலடியில் படிந்தது. நத்தைபோல் சுருண்ட அம்மோனைட் ஓடுகள் அதற்குச் சான்று.

அண்மையிலுள்ள சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் இதனை உலகுக்கு அறிவித்தார். இதன் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என அத்துறை குறிப்பிடுகிறது. அக்காலத்தில் சாத்தனூருக்கும் மேற்கே கடற்கரை இருந்தது. இன்றோ கடல் ஏறத்தாழ 100 கி.மீ. கிழக்கே விலகிச் சென்றுவிட்டது. ஆறு அடித்து வந்த மரம் கடற்சேற்றில் புதைய, நீரில் கரைந்திருந்த தாதுக்கள் அதன் நுண்ணறைகளில் நிறைந்து கல்லாயின.

கோடி ஆண்டுக் கணக்கைக் கேட்டதும் நம்மில் சிலர் தயங்குகின்றனர். இத்தயக்கத்திற்கு இடமில்லை. பூமியின் வயதைத் திருமறை வரையறுக்கவில்லை. நம் முன்னோர்களோ கல்லை அஞ்சாமல் படித்தவர்கள். இப்னு ஸீனா தமது 'கிதாபுஷ் ஷிஃபா'வில் உயிரினங்கள் கல்லாகும் விதத்தை ஆராய்ந்தார். கி.பி. 973இல் பிறந்த அல்பீரூனி, கிணறு தோண்டுகையில் வெளிப்படும் படிவுகளையும் சிப்பி பொதிந்த கற்களையும் கொண்டு, அரபுப் பாலைவனம் முன்னொரு காலத்தில் கடலாக இருந்தது என முடிவு கண்டார். இக்கருத்து இடம்பெறும் 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்' என்னும் நூலை அவர் ஹிஜ்ரி 416இல் (கி.பி. 1025) கஸ்னாவில் முடித்தார்.

அதே 1025ஆம் ஆண்டையொட்டித்தான் முதலாம் இராசேந்திர சோழன் கடாரத்திற்குக் கடற்படை செலுத்தினான். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் அவன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் தலைநகராகத் திகழ்ந்தது. 2004இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அதன் கோயில் நிலைத்திருக்கிறது. அரண்மனையோ மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாக எஞ்சியுள்ளது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டப்பட்டபோது கோயில் மதிலின் கற்களும் பெயர்த்துச் செல்லப்பட்டன.

பிறர் அரசின் இடிபாட்டில் படிப்பினை காண்பது எளிது. நம்மவர் கோட்டையில் காண்பதே கடினம். பெரம்பலூருக்கு வடக்கே திருச்சி – சென்னை நெடுஞ்சாலையையொட்டி நிற்கும் இரஞ்சன்குடிக் கோட்டை, கர்நாடக நவாபுகளுக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவரால் கட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது. அகழியும் அரைவட்டக் கொத்தளங்களும் கொண்ட அதைப் பார்த்துப் பெருமிதம் கொள்வோர் உண்டு. 1751இல் இதனருகே வாலிகண்டபுரம் பகுதியில் சந்தா சாகிபும் முஹம்மது அலியும் நவாப் பதவிக்காகப் பொருதினர். இருவரும் முஸ்லிம்கள். ஒருவர் பின்னால் பிரெஞ்சுக்காரர், மற்றவர் பின்னால் ஆங்கிலேயர். அன்று வென்ற சந்தா சாகிப் மறு ஆண்டே கொல்லப்பட்டார். இறுதியில் நிலைத்த முஹம்மது அலியின் வழியினரோ 1801இல் ஆட்சியுரிமையை ஆங்கிலேயரிடம் இழந்தனர். தம்மவரை வெல்ல அயலாரை அழைத்தவர் இருவருமே தோற்றனர் என்பதே அக்கோட்டை கூறும் பாடம்.

அரபுக் கல்லூரி மாணவர்கள் சுற்றுலா செல்லும்போது இவ்விடங்களையும் சேர்த்துக்கொள்வது நன்று. தஃப்ஸீர் வகுப்பில் கேட்ட வசனங்களுக்கு இம்மண் விளக்கவுரையாக அமையும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: காரையில் கிடக்கும் ஓடுகளை நினைவுப்பொருளாக எடுத்து வரலாகாது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களால் இப்பகுதியின் புதைபடிவங்கள் ஏற்கெனவே அழிந்து வருகின்றன. அவற்றைக் காண விரும்புவோர்க்கு அரியலூரை அடுத்த வாரணவாசியில் அருங்காட்சியகம் உள்ளது. இறைவனின் அத்தாட்சி நமக்குப் பின் வருவோர்க்கும் உரியது. அதை இருந்த இடத்தில் விட்டுவருவது ஓர் அமானிதம்.