பனமலை கல்வெட்டை போனில் படிக்க முடியுமா? 'நோட்டோ செரீஃப்' எழுத்துரு பற்றி தெரிஞ்சுக்கோங்க!

விழுப்புரம் மாவட்டம் பனமலையில் இருக்கிறது தாளகிரீஸ்வரர் கோயில். 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது. பார்வதி ஓவியத்தால் புகழ்பெற்ற இந்தக் கோயிலில் சமஸ்கிருதக் கல்வெட்டும் உண்டு. அதன் எழுத்து கிரந்தம். அதை போனில் டைப் செய்தால் என்ன தெரியும்? உரிய எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டங்கள்தான்!

நோட்டோ என்றால் என்ன?

அந்தக் கட்டங்களுக்கு கணினி உலகில் 'டோஃபு' என்று பெயர். 'நோ டோஃபு' என்பதன் சுருக்கமே நோட்டோ. கூகுள் வெளியிடும் இலவச எழுத்துரு குடும்பம் இது. 100-க்கும் மேற்பட்ட எழுத்து முறைகளைக் காட்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் தெரிவதும் இதனால்தான்.

இதில் 'செரீஃப்' வகை, புத்தக அச்சு போன்ற தோற்றம் கொண்டது. ஆங்கில எழுத்தின் முனைகளில் சின்னக் கால் இருக்கும். ஒலிக்குறிகளும் உண்டு. தமிழ் 'ழ'வுக்கு உலக ஒலிக்குறி, தலைகீழான சின்ன 'ஆர்' எழுத்தில் ஒரு கொக்கி. அதுவும் இதில் சரியாகத் தெரியும்.

கிரந்தத்தில் என்ன சர்ச்சை?

எழுத்துரு மட்டும் போதாது. ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடில் எண் வேண்டும். எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழ் எழுத்துகளையும் கிரந்தத்தில் சேர்க்கும் யோசனை வந்தபோது, 2010-ல் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. தமிழுக்குள் கிரந்தம் கலந்துவிடும் என்பது அச்சம். கடைசியில் அந்த ஐந்தும் இல்லாமல், 2014-ல் யூனிகோட் 7.0-ல் கிரந்தம் இடம்பெற்றது. 'நோட்டோ செரீஃப் கிரந்தா' அந்த எண்களைப் பயன்படுத்துகிறது.

இதனால் என்ன பயன்?

கல்வெட்டு வாசகத்தை அதன் எழுத்திலேயே டைப் செய்யலாம், தேடலாம், அனுப்பலாம். ஆனால் ஒன்று கவனிக்கணும். எழுத்துருவில் இருப்பது பிற்கால அச்சு வடிவம். ராஜசிம்மன் கால வளைவுகளைப் பார்க்க புகைப்படமோ மைப்படியோதான் வேண்டும். அதனால், டைப் செய்தாச்சு என்று கல்லைக் கைவிட முடியாது.

காசு கட்டணுமா?

வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசம். புத்தகம், இணையதளம், போஸ்டர் எதிலும் பயன்படுத்தலாம், மாற்றியும் அமைக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது.