கொல்கத்தாவில் ஒரு பல்லாவரத்துக் கல்

ஊரிலிருந்து யாராவது கொல்கத்தாவுக்கு வந்தால் நம்மவர்கள் வீட்டில் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம், விக்டோரியா மெமோரியல், நேரமிருந்தால் நியூ மார்க்கெட்டில் புடவை. டல்ஹௌசியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது ஆபீஸ் போகிற இடம், பேங்க் வேலைக்குப் போகிற இடம், பஸ் மாறுகிற இடம். ஆனால் லால் திகி குளத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். முன்னூறு வருஷமாக ஒரு சண்டை இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருப்பது தெரியும். துப்பாக்கிச் சண்டை இல்லை (அதுவும் நடந்தது, வருகிறேன்). இந்த ஊர் யாருடையது, இங்கே யாரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற சண்டை.

எங்கள் வீட்டுக்குள் இந்தச் சண்டை வந்தது மகளின் க்விஸ் புத்தகம் வழியாக. "கொல்கத்தாவை நிறுவியவர் யார்?" என்ற கேள்விக்கு "ஜாப் சார்னாக்" என்று பதில் போட்டிருந்தது. கீழ் வீட்டு பெங்காலி தாத்தா, "அது தப்பு, ஹைகோர்ட்டே சொல்லியாச்சு" என்றார். பிள்ளைக்கு ஒரே குழப்பம். சரி, நேரிலேயே போய்ப் பார்ப்போம் என்று தங்கமணி, மகள், நான் மூவரும் கிளம்பினோம்.

மெட்ரோவில் எஸ்பிளனேடில் மாறி மகாகரண் ஸ்டேஷனில் இறங்கலாம். மகாகரண் என்றால் தலைமைச் செயலகம். எதிரே நீளமாக, செக்கச்செவேலென்று நிற்கும் ரைட்டர்ஸ் பில்டிங்தான் அது. முதலமைச்சர் அலுவலகம் 2013-ல் ஹௌராவில் இருக்கும் நபன்னாவுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

"ரைட்டர்ஸ் என்றால் எழுத்தாளர்களா?" என்று மகள் கேட்டாள். இல்லை, நம்மூர் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் என்கிறோமே, அந்த ரைட்டர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளநிலை குமாஸ்தாக்களுக்காக 1777-ல் தாமஸ் லயன் என்பவர் திட்டமிட்டுக் கட்ட ஆரம்பித்த கட்டடம். கணக்கெழுதப் பிழைப்பு தேடிக் கடல் கடந்து வந்தவர்கள். நாமும் கணக்கெழுதத்தானே வந்திருக்கிறோம், நமக்குத்தான் இப்படி மாளிகை கிடைக்கவில்லை :-)

நான் சொன்ன துப்பாக்கிச் சண்டை இந்தக் கட்டடத்துக்குள்தான் நடந்தது. 1930 டிசம்பர் 8. பினய் பாசு, பாதல் குப்தா, தினேஷ் குப்தா என்ற மூன்று இளைஞர்கள் ஐரோப்பிய உடையில் உள்ளே நுழைந்து, கைதிகளை வதைத்ததற்குப் பேர்போன சிறைத்துறை ஐ.ஜி. சிம்ப்ஸனைச் சுட்டுக் கொன்றார்கள். வராந்தாவிலேயே போலீசோடு மோதல். பாதல் விஷம் சாப்பிட்டு அங்கேயே இறந்தார். மற்ற இருவரும் தங்களைச் சுட்டுக்கொண்டார்கள். பினய் சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்தார். தினேஷைப் பிழைக்க வைத்து, 1931 ஜூலையில் தூக்கில் போட்டார்கள். மூவரில் மூத்தவருக்கே வயது 22. சுதந்திரத்துக்குப் பிறகு டல்ஹௌசி சதுக்கம் அவர்கள் பெயரில் பி.பி.டி. பாக் ஆனது. ஆனால் மினிபஸ் கண்டக்டர் இன்னமும் "டல்ஹௌசி, டல்ஹௌசி" என்றுதான் கத்துகிறார். பெயர்ப்பலகையை மாற்றுவது சுலபம், வாயை மாற்றுவது கஷ்டம்.

குளத்தின் மேற்கே வெள்ளைக் குவிமாடத்தோடு தலைமைத் தபால் நிலையம். 1868-ல் வந்தது. அதற்கு முன் அந்த மனையில் இருந்தது கம்பெனியின் பழைய வில்லியம் கோட்டை. தபால் நிலையப் படிகளில் பதித்திருக்கும் பித்தளைக் கோட்டைப் பாருங்கள். கோட்டைச் சுவர் இருந்த இடத்தின் அடையாளம் அது. ஜனங்கள் அதை மிதித்துக்கொண்டு மணியார்டர் அனுப்பவும் ஸ்டாம்ப் வாங்கவும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

1756 ஜூன் 20-ம் தேதி நவாப் சிராஜ் உத் தௌலா இந்தக் கோட்டையைப் பிடித்தார். அன்று ராத்திரி 146 பேரை ஒரு சின்ன அறையில் அடைத்ததாகவும், விடிவதற்குள் 123 பேர் மூச்சுமுட்டிச் செத்ததாகவும் பிழைத்து வந்த ஹால்வெல் எழுதினார். நாம் பள்ளியில் படித்த 'இருட்டறைத் துயரம்' இதுதான். நம்ம சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. செய்தி கேட்டு கிளைவும் வாட்ஸனும் கப்பலேறியது சென்னையிலிருந்துதான். 1757 ஜனவரியில் கல்கத்தாவை மீட்டார்கள், ஜூனில் பிளாசி. அதற்கப்புறம் நடந்தது நாடறிந்த கதை.

ஆனால் ஹால்வெல்லின் கணக்கு நிற்கவில்லை. அந்த அளவு அறையில் 146 பேர் எப்படிக் கொள்வார்கள் என்று வங்காள வரலாற்றாசிரியர் அக்ஷய் குமார் மைத்ரேய கேள்வி கேட்டார். பின்னால் பிரிஜேன் குப்தா ஆராய்ந்து, அடைக்கப்பட்டவர்கள் 64 பேர் அளவில்தான் இருக்கும் என்றார். இறந்தவர்கள் உண்டு, எண்ணிக்கைதான் ஊதிப் பெருத்தது என்பது இன்றைக்குப் பலருடைய கருத்து.

இறந்தவர்களுக்காக ஹால்வெல் எழுப்பிய நினைவுத்தூண் பட்ட பாட்டைக் கேளுங்கள். 1821-ல் இடித்தார்கள். கர்சன் பிரபு 1902-ல் பளிங்கில் மறுபடி எழுப்பி, ரைட்டர்ஸ் பில்டிங்கின் ஓரத்திலேயே நிறுத்தினார். இது நம்மை அவமானப்படுத்தும் தூண், அகற்று என்று 1940-ல் சுபாஷ் போஸ் போராட்டம் அறிவித்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து ஆதரித்தார்கள். ஊர்வலத்துக்கு முந்தைய நாள், ஜூலை 2, அவரைக் கைது செய்தார்கள். தூணை எடுத்தது எடுத்ததுதான். சிறையில் உண்ணாவிரதம் இருந்து டிசம்பரில் வெளியே வந்தவர், வீட்டுக்காவலிலிருந்து 1941 ஜனவரியில் தப்பினார். பிறகு சிங்கப்பூர், இந்திய தேசிய ராணுவம், மலேயா தோட்டத்துத் தமிழர்கள் ஆணும் பெண்ணுமாக அதில் சேர்ந்தது எல்லாம் நமக்குத் தெரியும். அவர் கடைசியாகக் கைதானது இந்த ஒரு தூணுக்காக!

தூண் எங்கே போனது? தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் செயின்ட் ஜான்ஸ் சர்ச். அதன் தோட்டத்து மூலையில் நிற்கிறது. சர்ச்சைப் பழைய ஆட்கள் 'பாத்துரே கிர்ஜா', அதாவது கல் கோயில் என்பார்கள். 1787-ல் திறந்தது. நிலம் கொடுத்தவர் மகாராஜா நபகிருஷ்ண தேவ். கல் வந்தது பழைய வங்காளத் தலைநகரான கௌர் நகரத்து இடிபாடுகளிலிருந்து. சுல்தான்களின் கல், இந்து ஜமீன்தாரின் நிலம், ஆங்கிலேயர் சர்ச்.

அதே தோட்டத்தில்தான் சார்னாக்கின் கல்லறை மண்டபம். 1693 ஜனவரியில் இறந்தவருக்கு அவருடைய மருமகன் சார்லஸ் அயர் கட்டியது. உள்ளே லத்தீன் வாசகத்தோடு ஒரு கருங்கல் பலகை. தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லும் நம்ம பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் ஒரே வகை என்று கண்டு, 1893-ல் அந்த வகைக்கே 'சார்னாக்கைட்' என்று பெயர் வைத்தார். இன்று உலகத்தில் எங்கே அந்தப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். சென்னைக்காரர்கள் தாம்பரம் லைனில் ரயிலில் போகும்போது தினமும் பார்க்கிற குன்று! தங்கமணி பல்லாவரத்துப் பெண். கொஞ்ச நேரம் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க ஊர்க் கல் எனக்கு முன்னாடியே இங்க வந்து செட்டில் ஆயிடுச்சு" என்றாள்.

சார்னாக்குக்கும் சென்னையில் ஒரு கால் உண்டு. முகலாயர்களோடு மோதி வங்காளத்தை விட்டு ஓடிவந்து தங்கியது அங்கேதான். அவர் மகள்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது 1689-ல் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்சில். அங்கிருந்து திரும்பி வந்து, 1690 ஆகஸ்ட் 24-ல் சூதாநுட்டியில் இறங்கினார்.

"அப்போ க்விஸுக்கு என்னப்பா பதில்?"

அவர் இறங்கியபோது அங்கே வெறும் காடு இல்லை. சூதாநுட்டி நூலும் துணியும் விற்கிற சந்தை ஊர். பக்கத்தில் கோவிந்தபூர், கலிகாதா. நெசவாளர்கள், மீனவர்கள், சேட் - பசாக் துணி வியாபாரிகள் எல்லாரும் இருந்தார்கள். மூன்று ஊர்களுக்கும் ஜமீன் உரிமை சபர்ண ராய் சௌதுரி குடும்பத்திடம். 1698-ல் 1300 ரூபாய்க்கு அந்த உரிமையைக் கம்பெனி வாங்கியது. அந்தக் குடும்பத்தினர்தான் வழக்குப் போட்டார்கள். வரலாற்று நிபுணர்கள் குழுவைக் கேட்டுவிட்டு, சார்னாக் இந்த நகரத்தை நிறுவியவர் அல்ல, ஆகஸ்ட் 24 அதன் பிறந்த நாளும் அல்ல என்று 2003-ல் ஹைகோர்ட் சொல்லிவிட்டது. மகளிடம் நான் சொன்னது இதுதான்: ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவர் யார் என்று கேட்கலாம். ஊருக்கு அப்படிக் கேட்க முடியாது. முதலில் இருந்தவர்கள், பிறகு வந்தவர்கள், நேற்று வந்த நாம், எல்லாரும் சேர்ந்துதான் ஊர். சார்னாக் வந்தவர்களில் ஒருவர். அவர் பெயரை அழிக்கவும் வேண்டாம், ஊரையே அவருக்கு எழுதிக் கொடுக்கவும் வேண்டாம்.

அங்கிருந்து கவர்னர் மாளிகையின் வேலியை ஒட்டி நடந்தால் வெயில் தெரியாது. வெல்லெஸ்லி பிரபு 1803-ல் கட்டி முடித்தது. இங்கிலாந்தில் இருக்கும் கெடில்ஸ்டன் ஹால் என்ற பங்களாவின் சாயல். அது கர்சனின் குடும்ப வீடு! கிட்டத்தட்ட தன் சொந்த வீட்டுப் பிரதியில்தான் வைஸ்ராயாக அவர் இருந்திருக்கிறார். 1947 ஆகஸ்ட் 15-ல் மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னராக இங்கே குடிவந்தவர் நம்ம ராஜாஜி. கலவரத்தில் ஊர் எரிந்துகொண்டிருந்த நேரம். செப்டம்பரில் காந்திஜி பேலியாகட்டாவில் உண்ணாவிரதம் தொடங்கியபோது, வேண்டாம் என்று நேரில் போய் வாதாடியவர் அவர். அடுத்த ஜூனில் கவர்னர் ஜெனரலாக டில்லி போனார். தொரப்பள்ளியிலிருந்து வந்த ஒருவர் இந்த ஊரின் மோசமான நாட்களில் இங்கே இருந்தார் என்பதை லேக் மார்க்கெட் பக்கம் வளர்கிற நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

போகிறவர்கள் வேலை நாளில் போங்கள், அப்போதுதான் அந்த இடத்துக்கு உயிர் இருக்கும். காலை வெயிலுக்கு முன் கிளம்பி, லால் திகியில் தொடங்கி, தபால் நிலையம், சர்ச், கவர்னர் மாளிகை என்று போனால் நின்று நின்று பார்த்தாலும் மூன்று மணி நேரம். குடையும் தண்ணீரும் கட்டாயம். மத்தியானப் பசிக்கு மாளிகையின் கிழக்கே டேக்கர்ஸ் லேன் இருக்கிறது, பெஞ்சில் உட்கார்ந்து சூடாக ஸ்ட்யூவும் டோஸ்ட்டும் சாப்பிடலாம். 1780-ல் இந்தியாவின் முதல் பத்திரிகையை நடத்திய ஹிக்கியின் பெயரை அந்தச் சந்துக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் வழி கேட்கும்போது டேக்கர்ஸ் லேன் என்றே கேளுங்கள்.